பெட்டிக்குள் ஓடுவது எந்த நிரல்? கம்பைல் விவரத்தை நிரலுக்குள்ளேயே பதிக்க முழுமையான வழிகாட்டி

மேலூர்ப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தில் மாட்டியிருந்த எங்கள் மோட்டார் டைமர் பெட்டியைப் பற்றி ஒருநாள் காலையில் போன் வந்தது. "தம்பி, அஞ்சு மணிக்கு வச்ச மோட்டார் ராத்திரி ரெண்டு மணிக்கே ஓடுதுய்யா." அந்தப் பிழையை நாங்கள் முன்பே சரிசெய்திருந்தோம். சரிசெய்த நிரல் அந்தப் பெட்டிக்குள் போனதா இல்லையா என்பதுதான் தெரியவில்லை. மூடியில் மார்க்கர் பேனாவால் "வி3" என்று எழுதியிருந்தது. மதுரையில் எங்கள் பட்டறையில் அப்போது மூன்று விதமான "வி3" இருந்தன.

நிரலிடமே "நீ யார்?" என்று கேட்டால் அது பதில் சொல்ல வேண்டும். அதற்கான வேலைதான் கீழே இருக்கிறது. சி மொழி, ஜிசிசி கம்பைலர் (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றுவது, அதுதான் கம்பைல் செய்வது), மேக் (மாறிய ஃபைல்களைப் பார்த்துக் கம்பைலரை ஓட்டுவது), கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைப்பது) ஆகிய நான்கையும் வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற மொழிக்காரர்களுக்குப் பத்தாவது பகுதியில் கொஞ்சம் இருக்கிறது.

கட்டளைகளையும் மேக்ரோக்களையும் (கம்பைல் ஆகும்போது மதிப்பாக மாறும் பெயர்கள்) உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டுங்கள். அடிக்கோடு, மேற்கோள், சமக்குறி எல்லாம் இங்கே இருக்கிறபடியே வரும்.

1. எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் "கம்பைல் விவரத்தை உள்ளே வை" என்று சொன்னால் நேரே தேதியைத்தான் வைக்கிறார்கள். மேலூர்ப் பெட்டியிலும் தேதி இருந்தது. 7ஆம் தேதி மாலை 4:40க்குக் கம்பைல் ஆனது என்று அது சொன்னது. அன்று மாலை என் மேஜையில் கமிட் செய்யாத, அதாவது கிட்டில் பதியாத மாற்றங்கள் பாதியில் கிடந்தன. அந்தத் தேதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

களத்தில் கேட்கப்படும் கேள்விகள் மூன்றுதான். எந்த மூலநிரலிலிருந்து வந்தது? எந்த வகைப் பெட்டிக்காகக் கம்பைல் ஆனது, சிங்கிள் பேஸா த்ரீ பேஸா? எந்தக் கம்பைலர்? முதல் கேள்விக்குப் பதில் கிட் கமிட் அடையாளம். இரண்டாவதற்கு நீங்கள் கொடுக்கும் கம்பைல் விருப்பங்கள். மூன்றாவதற்கு ஜிசிசியில் __வெர்ஷன்__ என்ற மேக்ரோ தயாராகவே இருக்கிறது. தேதி இதற்கெல்லாம் பின்னால்தான் வரும்.

வைக்கக்கூடாததையும் இப்போதே தீர்மானித்துவிடுங்கள். கம்பைல் செய்தவரின் பெயர், கணினியின் பெயர், வீட்டு ஃபோல்டரின் முழுப் பாதை, சர்வர் கடவுச்சொல் எதுவும் வேண்டாம். நிரலுக்குள் போன எழுத்தை யார் வேண்டுமானாலும் வெளியே எடுத்துப் படிக்கலாம். எப்படி என்று எட்டாவது பகுதியில் தெரியும்.

2. கைவசம் இருக்க வேண்டியவை

மூலநிரல் கிட்டில் இருக்க வேண்டும். குறைந்தது ஒரு டேக்காவது (ஒரு கமிட்டுக்கு வைக்கும் பெயர்) போட்டிருக்க வேண்டும். டேக் போடும்போது "கிட் டேக் -ஏ வி1.4" என்று -ஏ சேர்த்துப் போடுங்கள். -ஏ இல்லாமல் போட்டால் அது வெறும் பெயர்ச்சீட்டு. கமிட்டின் அடையாளத்தைச் சொல்லும் கிட் டிஸ்க்ரைப் கட்டளை தானாக அதைக் கண்டுகொள்ளாது, --டேக்ஸ் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

ஜிசிசி 7 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். காரணம் ஏழாவது பகுதியில் வருகிறது.

மேக்குக்கான கட்டளைகள் உள்ள மேக்ஃபைலைத் தொடும் முன் இந்தக் கட்டளையைக் கையால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்:

கிட் டிஸ்க்ரைப் --டேக்ஸ் --ஆல்வேஸ் --டர்ட்டி=+

வி1.4-7-ஜி9041752 என்பது போல ஒன்று வரும். வி1.4 என்பது கடைசி டேக். 7 என்பது அதற்குப் பிறகு நடந்த கமிட்களின் எண்ணிக்கை. ஜி என்ற எழுத்து "இது கிட்" என்பதற்கான குறி, கமிட் எண்ணில் சேராது. மீதி இருப்பது கமிட் அடையாளத்தின் முதல் ஏழு இடங்கள். பலர் ஜியையும் சேர்த்துத் தேடிவிட்டு "இந்த கமிட்டே இல்லையே அண்ணே" என்று வந்து நிற்கிறார்கள்.

கடைசியில் + வந்தால் கமிட் செய்யாத மாற்றம் இருக்கிறது என்று பொருள். --ஆல்வேஸ் எதற்கு? டேக் ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் கமிட் எண்ணையாவது கொடுக்கட்டும் என்பதற்கு. அது இல்லாவிட்டால் கட்டளை தோற்கும், உங்கள் நிரலுக்குள் வெற்று எழுத்துச்சரம் போய் உட்காரும். கம்பைலர் ஒன்றும் சொல்லாது.

3. தயாராக இருக்கும் மேக்ரோக்களைத் தனி நிரலில் பழகுங்கள்

பெரிய நிரலில் நேரே கைவைக்காதீர்கள். பத்து வரி நிரல் ஒன்று எழுதி இவற்றை அச்சிட்டுப் பாருங்கள்: __டேட்__, __டைம்__, __ஃபைல்__, __லைன்__.

__டேட்__ எப்போதும் 11 எழுத்து. மாதத்தின் மூன்றெழுத்து, நாள், ஆண்டு. நாள் ஒற்றை இலக்கமானால் முன்னால் பூஜ்யம் வராது, வெற்றிடம் வரும். ஆகவே "ஃபெப்  7 2025" என்பதில் நடுவே இரண்டு வெற்றிடம் இருக்கும். வெற்றிடத்தில் வெட்டித் தேதியைப் பிரிக்கிற நிரல், மாதத்தில் முதல் ஒன்பது நாள் தவறும், பத்தாம் தேதி சரியாகிவிடும். 20ஆம் தேதி சோதித்துவிட்டுப் பெட்டியை அனுப்பினால் இது கண்ணில் படவே படாது. வெட்டாமல், பூஜ்யத்திலிருந்து எண்ணி நான்காவது இடம், அங்கிருந்து இரண்டு எழுத்து என்று இடம் எண்ணி எடுங்கள்.

__டைம்__ எப்போதும் 8 எழுத்து, 24 மணிக் கணக்கில்.

இரண்டையும் ஒட்டுவதற்குக் கூட்டல் குறி போடக்கூடாது. பைத்தானிலிருந்து வருபவர்கள் எல்லோரும் ஒருமுறை போட்டுப் பார்க்கிறார்கள். சி மொழியில் எழுத்துச்சரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும், கம்பைலரே ஒட்டிவிடும்:

__டேட்__ " " __டைம்__

இதை வைக்க எத்தனை பைட் வேண்டும்? 11, நடுவில் ஒரு வெற்றிடம், 8. மொத்தம் 20. கடைசியில் வரும் பூஜ்ய பைட்டையும் சேர்த்து 21. எங்களிடம் வந்த ஒரு தம்பி 20 என்று எண்ணி, அளவு போட்டு வரிசையை அறிவித்துவிட்டார். சி மொழி அதை அனுமதிக்கும், பூஜ்யத்தை மட்டும் விட்டுவிடும். திரையில் தேதிக்குப் பின்னால் குப்பை எழுத்துகள் ஓடின. அளவே போடாமல் அடைப்பைக் காலியாக விடுங்கள், கம்பைலர் சரியாக எண்ணிக்கொள்ளும்.

__டைம்ஸ்டாம்ப்__ என்று இன்னொன்று உண்டு. அது கம்பைல் ஆன நேரம் என்று பலர் நினைக்கிறார்கள். மூலநிரல் ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தை அது தருகிறது. எனக்கு அதனால் இதுவரை பயன் இருந்ததில்லை.

4. விவரம் முழுவதையும் ஒரே ஒரு ஃபைலில் அடைத்து வையுங்கள்

வெர்ஷன்.சி என்று தனி ஃபைல் ஒன்று உருவாக்குங்கள். அடையாளம், தேதி, பெட்டி வகை எல்லாம் அங்கே மட்டும் இருக்கட்டும். மற்ற ஃபைல்கள் வெர்ஷன்.ஹெச் என்ற ஹெட்டர் (அறிவிப்புகள் மட்டும் உள்ள ஃபைல்) வழியாக அவற்றை வாங்கிக்கொள்ளட்டும்.

காரணம் இது. __டேட்__ மேக்ரோவை ஹெட்டர் ஃபைலில் வைத்து ஐந்து இடத்தில் சேர்த்தால், ஐந்து ஃபைலும் தாம் கம்பைல் ஆன நேரத்தைத் தனித்தனியாகச் சொல்லும். ஒரே நிரல் சீரியல் போர்ட்டில் ஒரு நேரமும் திரையில் வேறொரு நேரமும் காட்டும். அடையாளம் மாறும்போது ஐந்து ஃபைலையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டியும் வரும். தனி ஃபைலாக இருந்தால் ஒன்று போதும்.

இங்கே ஒரு குழி. வெர்ஷன்.சியில் வரிசையாக அறிவித்துவிட்டு, வெர்ஷன்.ஹெச்சில் நட்சத்திரம் போட்டுப் பாயிண்டராக அறிவித்தால் லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை ஒரே நிரலாக இணைப்பது) முணுமுணுக்காது. ஓடும்போது நிரல் விழும், அல்லது கண்டதை அச்சிடும். எழுத்துகளையே முகவரி என்று நினைத்து அது வேறெங்கோ போய்விடுகிறது. இரண்டு இடத்திலும் சதுர அடைப்பு வேண்டும். வெர்ஷன்.சி தன்னுடைய ஹெட்டரைத் தானே சேர்த்துக்கொண்டால் இந்த முரண்பாட்டைக் கம்பைலரே பிடித்துக் கொடுக்கும்.

5. கிட் அடையாளத்தை மேக்ஃபைல் வழியாக உள்ளே அனுப்புங்கள்

மேக்ஃபைலின் தொடக்கத்தில்:

ஐடி := $(ஷெல் கிட் டிஸ்க்ரைப் --டேக்ஸ் --ஆல்வேஸ் --டர்ட்டி=+)

சமக்குறிக்கு முன்னால் முக்காற்புள்ளி இருப்பதைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் ஐடி என்ற பெயர் வருகிற இடத்திலெல்லாம் கிட் மறுபடி ஓடும். பத்து ஃபைல் இருந்தால் பத்து முறை. வேகம் குறைவது மட்டுமில்லை, நடுவில் யாராவது ஒரு ஃபைலைச் சேமித்தால் பாதியில் அடையாளமே மாறிவிடும்.

இந்த மதிப்பைச் சி நிரலுக்குள் கொண்டுபோக இரண்டு வழி. முதல் வழி கம்பைலருக்கு -டி (டிஃபைனின் முதல் எழுத்து) கொடுப்பது:

-டிபில்ட்_ஐடி=\"$(ஐடி)\"

மேற்கோளுக்கு முன்னால் உள்ள சாய்கோடு இல்லாவிட்டால் மேற்கோளை ஷெல் தின்றுவிடும். கம்பைலருக்குப் போய்ச் சேர்வது வெறும் வி1.4-7-ஜி9041752. அது வி1 என்பதை ஒரு மாறியின் பெயர் என்று நினைத்து, "இப்படி ஒன்று அறிவிக்கப்படவில்லையே" என்று கத்தும். அந்தப் பிழைச்செய்தியைப் பார்த்துவிட்டுச் சி ஃபைலில் போய்த் தேடுகிறவர்கள் நிறைய. கோளாறு மேக்ஃபைலில் இருக்கிறது.

இரண்டாவது வழி, வெர்ஷன்_ஐடி.ஹெச் என்று ஒரு சிறிய ஹெட்டரை மேக்கே எழுதுவது. நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். மேற்கோள் தொல்லை குறைவு, என்ன உள்ளே போனது என்று ஃபைலைத் திறந்து பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த பகுதியில் வரும் சிக்கலுக்கு இதுதான் ஒழுங்கான தீர்வு.

6. பழைய விவரம் ஒட்டிக்கொண்டு நிற்காமல் பாருங்கள்

எல்லாப் படிகளிலும் அதிகம் பேர் விழுவது இங்கேதான், நான் உட்பட.

மேக் கருவி ஃபைல்களின் நேரத்தை மட்டும் ஒப்பிடும். மோட்டார்.சியை மாற்றினால் மோட்டார்.சி மட்டும் கம்பைல் ஆகும். வெர்ஷன்.சியை யாரும் தொடவில்லை, எனவே கம்பைல் ஆகிக் கிடக்கும் பழைய வெர்ஷன்.ஓவே மறுபடி லிங்க் ஆகும். புது நிரல், பழைய தேதி. செவ்வாய்க்கிழமை தேதியைக் காட்டும் பெட்டிக்குள் வெள்ளிக்கிழமை எழுதிய வரிகள் ஓடும். விவரமே இல்லாத நிரல் இதைவிடப் பரவாயில்லை. பொய் சொல்கிற விவரத்தை நம்பித்தானே நீங்கள் பெட்டியைத் திருப்பி அனுப்புவீர்கள்.

"ஒவ்வொரு முறையும் மேக் கிளீன் போட்டுவிட்டால் சரி" என்பார்கள். சின்ன நிரலுக்குச் சரி. இரண்டாம் வாரம் மறந்துவிடுவார்கள்.

மேக்ஃபைலில் இப்படி எழுதுங்கள். உள்ளே தள்ளி இருக்கும் வரிகளுக்கு முன்னால் டேப் வர வேண்டும்:

வெர்ஷன்_ஐடி.ஹெச்: ஃபோர்ஸ்
    எக்கோ '#டிஃபைன் பில்ட்_ஐடி "$(ஐடி)"' > வெர்ஷன்_ஐடி.டிஎம்பி
    சிஎம்பி -எஸ் வெர்ஷன்_ஐடி.டிஎம்பி வெர்ஷன்_ஐடி.ஹெச் || எம்வி வெர்ஷன்_ஐடி.டிஎம்பி வெர்ஷன்_ஐடி.ஹெச்

ஃபோர்ஸ்:

வெர்ஷன்.ஓ: வெர்ஷன்.சி வெர்ஷன்_ஐடி.ஹெச்

ஃபோர்ஸ் என்று ஒரு ஃபைல் இல்லை, அதை உருவாக்கக் கட்டளையும் இல்லை. அதனால் மேக் ஒவ்வொரு முறையும் "இது புதிது" என்று எடுத்துக்கொண்டு மேலே உள்ள இரண்டு வரிகளையும் ஓட்டும். முதல் வரி தற்காலிக ஃபைலில் அடையாளத்தை எழுதுகிறது. இரண்டாவது வரி பழையதோடு ஒப்பிட்டு, வேறாக இருந்தால் மட்டும் மாற்றி வைக்கிறது. அடையாளம் மாறாவிட்டால் ஹெட்டரின் நேரமும் மாறாது, வெர்ஷன்.சி வீணாகக் கம்பைல் ஆகாது.

கடைசி வரியை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஹெட்டர் புதிதாகியும் வெர்ஷன்.ஓ பழசாகவே கிடக்கும்.

வெர்ஷன்_ஐடி.ஹெச், வெர்ஷன்_ஐடி.டிஎம்பி இரண்டையும் கிட்டில் சேர்க்காதீர்கள், கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளாத ஃபைல்களின் பட்டியல்) போடுங்கள். ஹெட்டரைக் கிட்டில் சேர்த்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கமிட் செய்ததும் அடையாளம் மாறுகிறது. மேக் அதை ஹெட்டரில் எழுதுகிறது. எழுதியதும் ஃபைல் மாறிவிட்டது என்று கிட் சொல்கிறது, + வருகிறது. அதையும் கமிட் செய்தால் அடையாளம் மறுபடி மாறுகிறது. நாய் வாலைத் துரத்துகிற கதை.

ஒன்று கவனித்திருப்பீர்கள். இந்த ஹெட்டரில் நான் கம்பைல் நேரத்தை எழுதவில்லை. எழுதினால் ஒவ்வொரு முறையும் அது மாறும், ஒப்பிடும் வரிக்கு வேலையே இல்லாமல் போகும்.

7. தேதி வேண்டுமென்றால் கமிட் தேதியைக் கொடுங்கள்

__டேட்__ உங்கள் கணினியின் உள்ளூர் நேரத்தைப் பார்த்து எழுதுகிறது. உங்கள் மேஜையில் அது இந்திய நேரம். வாடகை சர்வர்களில் பெரும்பாலும் யுடிசி (உலகப் பொது நேரம்) வைத்திருப்பார்கள். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேரம். மதுரையில் சனிக்கிழமை காலை 4:30க்கு அந்தச் சர்வரில் கம்பைல் ஆன நிரல், வெள்ளிக்கிழமை இரவு 11 மணி என்று சொல்லும்.

அதைவிடப் பெரிய சங்கடம் மேலூர்ப் பெட்டியில் வந்தது. பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து, சிப்பிலிருந்து நிரலைத் திருப்பி வாசித்தோம். மூன்று "வி3"களையும் மறுபடி கம்பைல் செய்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். ஒன்றும் பொருந்தவில்லை. பொருந்தாதுதானே, உள்ளே நேரம் இருக்கிறது, கம்பைல் செய்த ஒவ்வொரு முறையும் அது வேறு. வித்தியாசம் அந்த எழுத்துகளில் மட்டும்தானா, வேறெங்கும் உண்டா என்று பைட் பைட்டாகப் பார்த்து முடிக்க அரை நாள் ஆனது.

ஜிசிசி 7 முதல் இதற்கு வழி இருக்கிறது. சோர்ஸ்_டேட்_இபாக் என்ற சூழல் மாறியில், 1970 ஜனவரி 1 யுடிசி நள்ளிரவிலிருந்து கணக்கிட்ட நொடிகளைக் கொடுத்தால், __டேட்__, __டைம்__ இரண்டும் அந்த நேரத்தையே காட்டும். எந்தக் கணினியில், எந்த நேரத்தில் கம்பைல் செய்தாலும் சரி. கமிட் நேரத்தை அதில் போட்டுவிடுங்கள் (கடைசியில் வரும் டி, டைமின் முதல் எழுத்து, டேட்டின் எழுத்து அல்ல):

எக்ஸ்போர்ட் சோர்ஸ்_டேட்_இபாக் := $(ஷெல் கிட் லாக் -1 --ஃபார்மேட்=%சிடி)

இனி ஒரே மூலநிரலும் ஒரே கம்பைலரும் ஒரே விருப்பங்களும் இருந்தால் ஒரே பைட்கள்தான் வர வேண்டும். வராவிட்டால் வேறெங்கோ ஏதோ கசிகிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது __ஃபைல்__. அசெர்ட் (ஓடும்போது நிபந்தனையைச் சோதிக்கும் மேக்ரோ) பயன்படுத்தினாலே அது உள்ளே வந்துவிடும், கம்பைலருக்கு முழுப் பாதையைக் கொடுத்திருந்தால் உங்கள் ஃபோல்டர் பாதையும் கூடவே வரும். ஜிசிசி 8 முதல் உள்ள -எஃப்ஃபைல்-ப்ரிஃபிக்ஸ்-மேப் என்ற விருப்பம் அந்தப் பாதையின் முன்பகுதியை வேறு எழுத்தாக மாற்றிவிடும்.

பழைய ஃபைல் ஏதாவதில் __டேட்__ ஒளிந்திருக்கிறதா என்று தேட, -டபிள்யூடேட்-டைம் என்ற எச்சரிக்கையைப் போட்டு ஒருமுறை கம்பைல் செய்யுங்கள். இருக்கிற இடத்தையெல்லாம் சொல்லிவிடும்.

இங்கே கடிகாரச் சிப் வைத்து வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை.

டிஎஸ்3231 போன்ற சிப்பில் முதல்முறை நேரம் வைக்க, __டேட்__, __டைம்__ இரண்டையும் எடுத்து எழுதும் மாதிரி நிரல்கள் எங்கும் கிடைக்கின்றன. நாங்களும் அதைத்தான் எடுத்தோம். நிபந்தனை இல்லாமல் தொடக்கத்தில் அதை வைத்துவிட்டால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் கடிகாரம் கம்பைல் நேரத்துக்குத் திரும்பிப் போகும். மேலூரில் நடந்தது அதுதான். மதியம் 1:40க்குக் கரண்ட் வந்தது. பெட்டி அதை மாலை 4:40 என்று எடுத்துக்கொண்டது. மூன்று மணி நேரம் முந்திக்கொண்டது, அதனால் காலை 5 மணி மோட்டார் இரவு 2 மணிக்கே ஓடியது. கடிகாரம் உண்மையிலேயே நின்றுபோயிருந்ததா என்று சிப்பிலேயே ஒரு குறி இருக்கிறது. அதைப் பார்த்து, நின்றிருந்தால் மட்டும் நேரம் வைக்க வேண்டும். எங்கள் திருத்தமும் அதுதான்.

ஆனால் சோர்ஸ்_டேட்_இபாக் போட்ட பிறகு அந்தத் திருத்தமும் செல்லாது. __டைம்__ இப்போது கமிட் நேரம், அதுவும் யுடிசியில். இரண்டு நாளுக்கு முன் கமிட் செய்திருந்தால் கடிகாரம் இரண்டு நாள் பின்னால் நிற்கும். அடையாளத்துக்கும் கடிகாரத்துக்கும் ஒரே மேக்ரோவை நம்பக்கூடாது. பெட்டி தயாரானதும் சீரியல் போர்ட் வழியாகக் கணினியிலிருந்து நேரத்தை அனுப்பி வைப்பதே சரி. இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

8. கம்பைலரும் லிங்கரும் தூக்கி எறியாமல் காப்பாற்றுங்கள்

யாரும் பயன்படுத்தாத எழுத்துச்சரத்தைக் கம்பைலர் வைத்திருக்காது. "அண்ணே, எழுதித்தான் வச்சேன், உள்ள காணோம்" என்றால் இதுதான் காரணம், குறிப்பாக ஸ்டாட்டிக் போட்டிருந்தால். ஜிசிசியில் அட்ரிபியூட் யூஸ்டு என்று சேர்த்தால் கம்பைலர் அதை எறியாது. மைக்ரோகண்ட்ரோலர் நிரல்களில் --ஜிசி-செக்‌ஷன்ஸ் (பயன்படாத பகுதிகளை நீக்கும் விருப்பம்) போட்டிருப்பார்கள், அப்போது லிங்கரும் ஒரு கை பார்க்கும். அதற்கு லிங்கர் ஸ்கிரிப்டில் கீப் வேண்டும்.

இத்தனை பூட்டுக்குப் பதிலாக அந்த எழுத்துச்சரத்தை நிரல் தொடக்கத்தில் உண்மையாகவே அச்சிட்டுவிடுங்கள். பயன்படுகிற பொருளை யாரும் எறிவதில்லை.

உள்ளே இருக்கிறதா என்று பார்க்க:

ஸ்ட்ரிங்ஸ் நிரல்.எல்ஃப் | கிரெப் பில்ட்=

இதற்காகவே அடையாளத்துக்கு முன்னால் "பில்ட்=" என்பது போல ஒரு முன்னொட்டு வைப்பது நல்லது. இல்லாவிட்டால் ஆயிரம் வரியில் தேட வேண்டும். ஹெக்ஸ் ஃபைலில் ஸ்ட்ரிங்ஸ் ஓட்டினால் ஒன்றும் கிடைக்காது, அங்கே எழுத்துகள் பதினாறடிமான இலக்கங்களாகக் கிடக்கின்றன. லிங்கர் தரும் எல்ஃப் ஃபைலில் பாருங்கள்.

ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டில் இருக்கும் சிப்புக்கு ராம் 2 கிலோபைட்தான். சாதாரணமாக எழுதிய எழுத்துச்சரம் ஃபிளாஷிலும் இருக்கும், ராமிலும் ஏறி உட்காரும். ப்ராக்மெம் போட்டு ஃபிளாஷிலேயே வையுங்கள்.

9. கேட்டால் சொல்ல வையுங்கள்

கணினி நிரலென்றால் --வெர்ஷன் கொடுத்ததும் அச்சிட்டுவிட்டு நிற்க வேண்டும். வேறு எதையும் தொடங்கும் முன், செட்டிங்ஸ் ஃபைலைப் படிக்கும் முன் இது நடக்க வேண்டும். செட்டிங்ஸ் கெட்டுப்போய் நிரல் திறக்காத நாளில்தான் உங்களுக்கு வெர்ஷன் தெரிய வேண்டியிருக்கும்.

பெட்டியென்றால் சீரியல் போர்ட்டில் ஒரு எழுத்து, திரையில் இரண்டு நொடி. எங்கள் திரை 16 எழுத்து அகலம், இரண்டு வரி. வி1.4-7-ஜி9041752 என்பது 15 எழுத்து. கிட் வழக்கமாகச் சேர்க்கும் -டர்ட்டி இன்னும் 6 பிடிக்கும், வரி நிரம்பி வழியும். --டர்ட்டி=+ என்று கொடுத்ததன் காரணம் இப்போது புரிந்திருக்கும், மொத்தம் சரியாக 16. பத்தாவது கமிட்டுக்குள் புது டேக் போட்டுவிட வேண்டும் என்ற ஒழுக்கமும் அதனாலேயே வந்தது.

போனில் படித்துச் சொல்பவர் கண்ணாடி இல்லாமல் தோட்டத்தில் நிற்பார் என்பதை நினைவில் வையுங்கள். "ஐயா, கடைசி ஏழு எழுத்தை மட்டும் சொல்லுங்க, அதுக்குப் பின்னால கூட்டல் குறி இருக்கான்னு பாருங்க" என்றால் போதும்.

10. மற்ற கருவிகளில், சுருக்கமாக

சிமேக்: எக்சிகியூட்_ப்ராசஸ், கான்ஃபிகர்_ஃபைல், ஸ்ட்ரிங் டைம்ஸ்டாம்ப் மூன்றும் கான்ஃபிகர் செய்யும்போதுதான் ஓடும், பில்ட் செய்யும்போது ஓடாது. ஆறாவது பகுதியில் சொன்ன பழைய விவரச் சிக்கல் அப்படியே வரும். ஆட்_கஸ்டம்_டார்கெட்டில் தனி சிமேக் ஸ்கிரிப்டை -பி (ப்ராசஸின் முதல் எழுத்து, பெரிய எழுத்தில்) கொடுத்து ஓட்டுங்கள்.

கோ: -எல்டிஃப்ளாக்ஸ் வழியாக -எக்ஸ் மெயின்.வெர்ஷன்=மதிப்பு. அது பேக்கேஜ் மட்டத்தில் உள்ள ஸ்ட்ரிங் மாறியாக இருக்க வேண்டும். கான்ஸ்ட் என்று அறிவித்திருந்தால் மாறாது, பிழையும் வராது. கோ 1.18 முதல் கமிட் விவரத்தை அதுவே பதிக்கிறது. "கோ வெர்ஷன் -எம்" கொடுத்து நிரல் ஃபைலின் பெயரைச் சொன்னால் காட்டும்.

ரஸ்ட்: பில்ட்.ஆர்எஸ் ஃபைலிலிருந்து கார்கோ:ரஸ்ட்சி-என்வ் என்று அச்சிட்டு, நிரலில் என்வ்! மேக்ரோவால் எடுத்துக்கொள்ளுங்கள். ரீரன்-இஃப்-சேஞ்ச்டு கொடுத்தால், அதில் சொன்னவை மாறினால்தான் பில்ட்.ஆர்எஸ் மறுபடி ஓடும். கிட்டின் ஹெட் ஃபைலை மட்டும் கொடுத்துவிட்டுப் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே கிளையில் கமிட் செய்தால் ஹெட் ஃபைலுக்குள் இருக்கும் எழுத்து மாறாது, கிளையின் ஃபைல்தான் மாறும்.

11. பெட்டியை மூடும் முன் சோதிக்க வேண்டியவை

எல்லாவற்றையும் கமிட் செய்து கம்பைல் செய்யுங்கள், + வரக்கூடாது. ஒரு வரியை மாற்றி, கமிட் செய்யாமல் கம்பைல் செய்யுங்கள், + வர வேண்டும். அந்த மாற்றத்தை நீக்கி மறுபடி கம்பைல் செய்யுங்கள், + போய்விட வேண்டும். மூன்றாவது சோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆறாவது பகுதியில் பிழை இருந்தால் அங்கேதான் பிடிபடும்.

பிறகு வேறு ஃபோல்டரில் கிட்டிலிருந்து புதிதாக கிளோன் (நகல்) எடுத்து, அங்கேயும் கம்பைல் செய்து, இரண்டு நிரல்களின் ஷா256சம் (ஃபைலின் கைரேகை போன்ற எண்) ஒன்றுதானா என்று பாருங்கள்.

சர்வரில் தானாகக் கம்பைல் ஆகும் ஏற்பாடு இருந்தால் அதன் வெளியீட்டையும் ஒருமுறை பாருங்கள். பல இடங்களில் கடைசி கமிட்டை மட்டும் இறக்குவார்கள், டேக் வராது. உங்கள் மேஜையில் வி1.4-7-ஜி9041752, சர்வரில் வெறும் 9041752. முழு வரலாற்றையும் டேக்குகளையும் இறக்கச் சொல்லி ஏற்பாட்டை மாற்றுங்கள்.

ஒரு விஷயத்தை + காட்டிக்கொடுக்காது. கிட்டில் இன்னும் சேர்க்கவே சேர்க்காத புது ஃபைல் இருந்தால் டிஸ்க்ரைப் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. புதிதாக எழுதிய சென்சார்.சியை ஆட் செய்ய மறந்துவிட்டால், உங்கள் மேஜையில் எல்லாம் சுத்தமாகக் கம்பைல் ஆகும், அடையாளத்திலும் + இருக்காது. அதே கமிட்டை வேறொருவர் எடுத்தால் கம்பைலே ஆகாது. புது ஃபோல்டரில் கிளோன் எடுத்துப் பார்க்கச் சொன்னதில் பாதிக் காரணம் இது. மீதிக்கு, மேக்ஃபைலில் வெளியீட்டுக்கான கட்டளைக்கு முன்னால் "கிட் ஸ்டேட்டஸ் --போர்செலின்" ஓட்டி, ஒரு வரி வந்தாலும் நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறோம். திரையில் + காட்டும் பெட்டிக்கு இப்போது எங்கள் பட்டறையில் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை.